முலைக்காம்பு வலி: பால் கொடுத்த அக்காமாரிடம் ஒரு கேள்வி

அக்காமாருக்கு வணக்கம். உப்புவெளியில் இருக்கிறேன். முதற்பிள்ளை, இன்னும் 31 ஆம் நாள் துடக்குக் கழியவில்லை. பாலுக்குக் குறைவில்லை, வலிதான் தாங்க முடியவில்லை. பிள்ளை வாய் வைத்ததுமே என் கால்விரல்கள் மடங்கிவிடுகின்றன. குடித்து முடித்ததும் காம்பு ஒருபக்கம் சப்பையாகி, நுனி வெளுத்து நிற்கிறது. இடது பக்கத்தில் வெடிப்பும் உண்டு.

எங்கள் பகுதி மிட்வைஃப் அக்கா வந்து பார்த்தார். பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறாளாம். அவள் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, கருவளையமும் உள்ளே போகும்படி, அவளின் நாடி (முகவாய்) மார்பில் படும்படி அணைக்கச் சொன்னார். வலித்தால் இழுத்துப் பறிக்கக் கூடாது. சுண்டுவிரலைக் கடைவாயில் விட்டு உறிஞ்சலை விடுவிக்க வேண்டும். பகலில் சரிவருகிறது. நடுச்சாமத் தூக்கக் கலக்கத்தில் எல்லாம் பிழைத்துப் போகிறது.

பிள்ளையின் வாயில் வெள்ளைப் படலம் இல்லை. எனக்குக் காய்ச்சலோ மார்பில் சிவந்த கட்டியோ இல்லை. இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடியிருப்பேன்.

படுத்தபடி கொடுக்கும்போது சரியாகக் கவ்வ வைப்பது எப்படி? வெடிப்பில் தாய்ப்பாலையே தடவிக் காயவிடுகிறேன். உங்களுக்கு வேறு என்ன சுகம் தந்தது? பிள்ளைக்கு நாக்குக் கட்டு (நாக்கின் அடிச்சவ்வு இறுகி நாக்கு சரியாக அசையாமல் இருப்பது) இருக்கிறதா என்று திருகோணமலையில் யாரிடம் காட்டினீர்கள்? பால்மாவுக்கு மாறச் சொல்லும் ஆலோசனை மட்டும் வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.