சிறப்புப் பிரிவு ஆய்வக நுட்பநர்களின் ஊதியம்: இடத்துக்கு எவ்வளவு, அனுபவத்துக்கு எவ்வளவு?

கேள்வி

வணக்கம். திசுநோயியல் ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகளாக நுட்பநராகப் பணிபுரிகிறேன். திசுவை மெழுகில் பதிப்பது, மைக்ரோடோம் கருவியில் மெல்லிதாகச் சீவுவது, வழக்கமான சாயமேற்றுவது ஆகியவற்றோடு ஆன்டிபாடிகளைக் கொண்டு திசுவிலுள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி வேலையையும் இப்போது நானே பார்க்கிறேன். வேறு வேலைக்கு மாறலாம் என்று விசாரித்தபோது, ஒரே பதவிப் பெயருக்கு ஓரிடத்தில் சொல்லும் சம்பளம் மற்றோரிடத்தில் சொல்வதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது. இந்த வேறுபாடு ஊரால் வருகிறதா, பணிமூப்பால் வருகிறதா, சிறப்புத் திறனால் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, தனியார் ஆய்வகங்கள் மொத்தத் தொகையை மட்டுமே சொல்வதால் அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பது வெளியே தெரிவதில்லை. ஆனால் அரசு ஊதிய அமைப்புகள் ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கின்றன. தாங்கள் அரசுப் பணிக்குப் போகாவிட்டாலும், கணக்கைப் புரிந்துகொள்ள அவற்றைப் படித்துப் பார்ப்பது மிகவும் உதவும்.

முதலில் ஊரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் லண்டனின் உட்பகுதியில் பணிபுரிவோருக்கு அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காடும், வெளிப்பகுதியில் 15 விழுக்காடும், அதைச் சுற்றியுள்ள விளிம்புப் பகுதியில் 5 விழுக்காடும், குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகளுக்கு உட்பட்டுக் கூடுதலாகத் தரப்படுகின்றன. இந்திய மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழுவின்படி வீட்டு வாடகைப்படி நகரத்தின் மக்கள்தொகைக்கேற்ப 24, 16, 8 விழுக்காடு என மூன்று வகையாகத் தொடங்கியது. அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்ட பிறகு அது 30, 20, 10 ஆக உயர்ந்தது. ஆக, ஒரே பதவியில் ஒரே பணிமூப்போடு இருக்கும் இருவருக்கிடையே ஊரால் மட்டும் வரக்கூடிய இடைவெளி இந்த இரு அமைப்புகளிலும் அடிப்படை ஊதியத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. தங்களுக்கு இரு மடங்கு வேறுபாடு தெரிகிறதென்றால், அந்த இரண்டு பதவிகளும் பெயரளவில் மட்டுமே ஒன்று என்று நான் கருதுகிறேன்.

அடுத்து அனுபவம். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரிட்டனில் மருத்துவ ஆய்வகங்களில் சோதனைகளைச் செய்யும் உயிர்மருத்துவ அறிவியலாளர்கள் பொதுவாகத் தொடங்குவது பேண்ட் 5 என்னும் ஊதிய நிலையில். அங்கே இரண்டாண்டு முடிந்ததும் ஒரு படி, நான்காண்டு முடிந்ததும் இன்னொரு படி. அதோடு உச்சம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் பொதுவான ஊதிய உயர்வைத் தவிர வேறெதுவும் கூடாது. ஒரு துறையில் சிறப்புத் தகுதியை முறைப்படி நிறுவி, பேண்ட் 6 பதவிக்கு விண்ணப்பித்துத் தேர்வானால்தான் அடுத்த ஏற்றம். இந்திய மத்திய அரசுப் பணியிலோ ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வு தொடர்ந்து வருகிறது. பதவி உயர்வே கிடைக்காதவருக்கும் 10, 20, 30 ஆண்டுகளில் அடுத்த ஊதிய நிலை உண்டு. முதல் அமைப்பில் பணிமூப்பு மிக விரைவில் மதிப்பிழக்கிறது. இரண்டாவதில் அது மெதுவாக, ஆனால் நிற்காமல் பலன் தருகிறது. தனியார் ஆய்வகங்கள் பெரும்பாலும் முதல் வகையைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. ஆகவே ஆறு ஆண்டு அனுபவம் என்பதை மட்டும் முன்வைத்துப் பேரம் பேசினால் அதிகம் கிடைக்காது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. இணையத்தில் காணும் சராசரிகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2023 மே மாதக் கணக்கில் மருத்துவ ஆய்வகப் பணியாளர்களின் ஆண்டு இடைநிலை ஊதியம் 60,780 டாலர் என்று வெளியிட்டது. அந்த ஒரே எண்ணுக்குள் பட்டப்படிப்பு முடித்த ஆய்வகத் தொழில்நுட்ப வல்லுநர்களும், குறுகிய காலப் படிப்பு முடித்த நுட்பநர்களும், தங்களைப் போன்ற திசுநோயியல் பணியாளர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். அதைத் தனக்குரிய அளவுகோலாக எடுத்துக்கொள்பவர் ஒன்று குறைவாகக் கேட்பார், அல்லது மிகையாக எதிர்பார்த்து ஏமாற்றமடைவார்.

உரிமம் என்பதும் இடத்தைச் சார்ந்ததுதான். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மாநில உரிமம் இல்லாமல் ஆய்வகப் பணிகள் பலவற்றைப் பார்க்க முடியாது. வேறு பல மாநிலங்களில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. உரிமம் கேட்கும் இடத்தில் தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கை சுருங்குவதால் ஊதியம் ஏறுகிறது. வாழ்க்கைச் செலவால் வந்த ஏற்றம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் இந்தப் பற்றாக்குறையால் வருவது.

பணிநேரத்தையும் மறக்க வேண்டாம். முன்பு குறிப்பிடப்பட்ட பிரிட்டன் அமைப்பில் பேண்ட் 4-க்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரையிலும் சனிக்கிழமையிலும் பார்க்கும் வேலைக்கு 30 விழுக்காடும், ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் 60 விழுக்காடும் கூடுதல் ஊதியம் உண்டு. இரத்த வங்கியில் இரவுப்பணி பார்ப்பவரின் கைக்கு வரும் தொகையைப் பகல் நேரத்தில் மட்டுமே இயங்கும் திசுநோயியல் பிரிவோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பெரிய சம்பளமாகத் தோன்றிய வேலை சில சமயம் சிறியதாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பெருநகரத்தில் உள்ள மைய ஆய்வகம் ஒன்றிலும், சிறிய நகரத்தின் மருத்துவமனை ஒன்றிலும் வாய்ப்பு வந்திருக்கிறது. சிறிய நகரத்தில் தொகை சற்றுக் குறைவு. ஆனால் பிரிவுப் பொறுப்பாளர் என்ற பதவி தருவதாகச் சொல்கிறார்கள். டி.என்.ஏ. போன்றவற்றைச் சோதிக்கும் மூலக்கூறு ஆய்வுக்கு மாறிவிடுமாறு நண்பர்கள் சிலர் கூறுகிறார்கள். எதை முதன்மையாகக் கொள்ள வேண்டும்?

மறுமொழி 3

சிறப்புத் திறனின் விலை காலத்துக்குக் காலம் மாறுவது என்பதற்கு உயிரணுவியல் பிரிவு நல்ல சான்று. கருப்பைவாய்ப் பரிசோதனைக்கான ஸ்லைடுகளைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர்களின் தேவை ஒரு காலத்தில் மிகுதியாக இருந்தது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலும், இங்கிலாந்து 2019 இறுதியிலும் முதலில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸைத் தேடி, அது இருப்பவர்களுக்கு மட்டும் ஸ்லைடு பார்க்கும் முறைக்கு மாறியபோது அந்த வேலையின் அளவு வெகுவாகக் குறைந்தது. திறமையில் எந்தக் குறையும் இல்லாதவர்களின் பிரிவே சுருங்கியது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிக்கு இப்போது அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதற்கு நேரடிப் பங்கு இருக்கிறது. ஆகையால் அதை விட்டுவிட்டு மாறுவதைக் காட்டிலும், அதன்மேல் மூலக்கூறு ஆய்வையும் சேர்த்துக் கற்பதே மேல். மெழுகில் பதித்த திசுவிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் வேலை தங்களுக்கு அடுத்த அறைக்குப் போவது போலத்தான் இருக்கும்.

இரண்டு வாய்ப்புகளையும் எடைபோடுவதற்கு முன், நாளொன்றுக்கு எத்தனை இம்யூனோ ஸ்லைடுகள் அங்கே வருகின்றன என்று கேளுங்கள். பல சிறிய மருத்துவமனைகள் இத்தகைய சோதனைகளை மைய ஆய்வகங்களுக்கே அனுப்பிவிடுகின்றன. அப்படியானால் பொறுப்பாளர் பதவியில் அமர்ந்தாலும் தங்கள் சிறப்புத் திறன் பழக்கமின்றித் தேய்ந்துவிடும். அடுத்த வேலைக்குப் போகும்போது அந்த இழப்பு ஊதியத்தில் தெரியும். மாறாக, அங்கேயே சோதனைகள் நடக்கின்றன, மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தர அங்கீகாரத்துக்கான ஆவணங்கள், புதிய ஆன்டிபாடிகளைச் சரிபார்ப்பது, இளையவர்களுக்குப் பயிற்சி தருவது ஆகியவை தங்கள் பொறுப்பில் வரும் என்றால், சற்றுக் குறைந்த தொகைக்கும் அதை ஏற்கலாம். அந்தப் பொறுப்புகள் அனைத்தும் பணி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். வாய்மொழியாகத் தரப்படும் பொறுப்பாளர் பட்டத்துக்கு அடுத்த ஆய்வகம் எந்த மதிப்பும் தராது. ஊதிய மறுஆய்வு எந்த மாதத்தில், எதன் அடிப்படையில் நடக்கும் என்பதையும் அதே ஆணையில் சேர்க்கச் சொல்லுங்கள்.