மழைக்கு ஒட்டிப்போன மினியேச்சர் ஷீட்: பிரிக்க வழி இருக்கா?

திருமங்கலத்துக்காரர் கேட்டது:
இந்திய மினியேச்சர் ஷீட் (ஒண்ணோ சிலதோ தபால்தலையைச் சுத்தி அலங்கார ஓரத்தோட அச்சடிச்ச சின்னத் தாள்) மட்டும்தான் சேர்க்கிறேன். அறுபதுக்கு மேல இருக்கு, எல்லாமே மிண்ட், அதாவது பயன்படுத்தாதது, பின்பக்கப் பசையோட இருக்கிறது. ஸ்டேஷனரி கடையில விக்கிற ஏ4 பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு, பீரோவுல படுக்க வச்சிருந்தேன். கார்த்திகை மழை முடிஞ்சு எடுத்தா, அஞ்சு ஷீட் பசைப்பக்கம் பிளாஸ்டிக்கோட ஒட்டியிருக்கு. ஒரே உறையில முதுகோட முதுகா வச்ச ஒரு ஜோடியும் ஒட்டிக்கிச்சு. ரெண்டுல ஓரமா பழுப்புப் புள்ளி. எப்படிப் பிரிக்கிறது? மிச்சத்தை லேமினேட் பண்ணிடலாமா? 2008-ல வந்த மல்லிகை வாசனை ஷீட்ல வாசனையும் குறையுது.

ஒத்தக்கடை அண்ணாச்சி:
லேமினேஷன் கடைப்பக்கமே போயிராதீங்க தம்பி. சூட்டுல உருகுற பசை தாளுக்குள்ள இறங்கிடும், திரும்ப எடுக்கவே முடியாது. லேமினேட் பண்ண ஷீட்டுக்குச் சேகரிப்பு மதிப்பு கிடையாது.

பிளாஸ்டிக்ல ஒட்டின அஞ்சையும் உறையோடவே ஜிப் கவர்ல போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்திட்டு, ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க. குளிர்ல பசை விறைச்சு, பிளாஸ்டிக்கை விட்டுரும். வெளிய எடுத்த உடனே வேலையை முடிக்கணும். ரெண்டு நிமிஷம் தாண்டினா நம்ம ஊர் காத்துல இருக்கிற ஈரம் மேல முத்துமுத்தா படிஞ்சு, பசை மறுபடி இளகிடும்.

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க: ஷீட்டைப் பிடிச்சு இழுப்பாங்க. அது தப்பு. உறையோட மூணு பக்கத்தையும் கத்தரிச்சுட்டு, ஷீட்டை முகம் கீழ இருக்கிற மாதிரி மேசையில தட்டையா வச்சு, மேல இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் ஒரு மூலையில இருந்து பின்னுக்கு மடிச்சு உரிங்க. ஷீட் வளையவே கூடாது. வளைஞ்சா தபால்தலையைச் சுத்தியிருக்கிற துளை வரிசையிலதான் முதல்ல கிழியும். ஓரிடத்துல பிடிவாதமா நின்னா, மறுபடி ஃப்ரீசர்.

கூடல்நகர் வாசகர்:
அண்ணாச்சி சொன்னது பிளாஸ்டிக்குக்குச் சரி. பசையோட பசை ஒட்டின ஜோடிக்கு ஃப்ரீசர் பெரும்பாலும் உதவாது, ஈரப்பெட்டிதான். மூடி இறுகுற டப்பாவுல நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பாஞ்ச், அதுக்கு மேல ஒரு வலைத்தட்டு, அதுக்கு மேல ஜோடி. தண்ணி தாளைத் தொடவே கூடாது. அரைமணிக்கு ஒரு தடவை பாருங்க. ஓரம் சுருள ஆரம்பிச்சா பிரியத் தயார்னு அர்த்தம். ராத்திரி முழுக்க விட்டா பூஞ்சை பிடிக்கும். பிரிச்சதும் பசைப்பக்கம் மேல இருக்கிற மாதிரி காய வச்சு, முழுசாக் காய்ஞ்ச பிறகு கிளாசின் தாளுக்கு (வழவழன்னு, ஒட்டாத மெல்லிய தாள்) நடுவுல வச்சு புத்தகப் பாரம் கொடுங்க. பசையோட பழைய பளபளப்பு திரும்பாது. பின்னாடி மாத்தவோ விக்கவோ போனா, பசை கலைஞ்சதுன்னு சொல்லித்தான் கொடுக்கணும்.

பழுப்புப் புள்ளி பூஞ்சை வேலை. பிளீச்சிங் அது இதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அச்சு மையும் சேர்ந்து வெளுக்கும். அந்த ரெண்டையும் உடனே தனி உறைக்கு மாத்துங்க, மத்ததுக்குப் பரவும்.

உங்க ஃபைல் பிவிசியா இருக்கும்னு நினைக்கிறேன். புது மழைக்கோட்டு வாசனை அடிச்சா பிவிசிதான். பிளாஸ்டிக் வளையறதுக்காக அதுல சேர்க்கிற இளக்கி கசிஞ்சு அச்சுப்பக்கத்தையே பிசுபிசுன்னு ஆக்கும். பாலிப்ரோப்பிலீன் இல்லன்னா பாலியஸ்டர் உறை வாங்குங்க. ஷீட்டை அளந்து, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலா இருந்தாப் போதும். ஒரு உறைக்கு ஒரே ஷீட். படுக்க வைக்காம புத்தகம் மாதிரி நிக்க வைங்க. பாரமும் ஈரமும் சேர்ந்துதான் ஒட்ட வைக்குது.

மேலூர் டீச்சர்:
ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் மணி பத்தி ஒண்ணு சேர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில பெட்டிக்கு 50 கிராம் பொட்டலம் ரெண்டு வைங்க. நீலமணி இளஞ்சிவப்பானா ஈரம் குடிச்சு முடிச்சுதுன்னு அர்த்தம். அதைக் காய வைக்க தோசைக்கல்லை எடுத்துராதீங்க, நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட், அது நச்சு. தனித் தகரத் தட்டு வச்சுக்கோங்க. அக்னி நட்சத்திரம் வந்தா பொட்டலத்தை எடுத்துருங்க. நம்ம ஊர் வெயிலோட அதுவும் சேர்ந்தா பசை ஓவராக் காய்ஞ்சு வெடிக்கும், ஷீட் சுருளும்.

மல்லிகை ஷீட்ல வாசனை இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள்ல. தேய்ச்சா உடையும், வாசனை வரும்; உடைஞ்சது உடைஞ்சதுதான். வர்றவங்களுக்கெல்லாம் தேய்ச்சுக் காட்டினா மிஞ்சாது. 2007 ரோஜா, 2017 காபின்னு வந்த வாசனை ஷீட் எல்லாத்துக்கும் இதே கணக்கு. தனித்தனி உறையில போட்டு, மத்த ஷீட்டுக்கு வாசனை ஏறாமப் பாத்துக்கோங்க. நாப்தலின் உருண்டையும் வேண்டாம். (நம்ம மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதே 2013-லதான், ஷீட் அஞ்சு வருஷம் முந்திக்கிச்சு!)

திருமங்கலத்துக்காரர்:
அஞ்சுல நாலு சேதமில்லாம வந்துருச்சு. அஞ்சாவது மறுபடி ஃப்ரீசர்ல. போன ஷீட்டுக்குப் பதிலா வாங்கணும்னா, கூடுதல் விலை கொடுத்துத்தான் ஆகணுமா?

ஒத்தக்கடை அண்ணாச்சி:
பழசுக்கு வேற வழியில்ல. இனிமே வர்றதுக்கு அஞ்சலகத்துல தபால்தலை வைப்புக் கணக்கு தொடங்குங்க; முன்பணம் கட்டி வச்சா, புதுசா வெளியாகிறதை அதுல கழிச்சுக்கிட்டு அனுப்புவாங்க. குறைந்தபட்ச வைப்பு 200 ரூபாய், முகமதிப்புலயே (தபால்தலையில அச்சடிச்ச விலை) கிடைக்கும். விண்ணப்பத்துல மினியேச்சர் ஷீட்னு தனியாக் குறிச்சு, எத்தனைன்னும் எழுதுங்க, இல்லன்னா தனித் தபால்தலை மட்டும் வரும். இருப்பு தீராமப் பாத்துக்கோங்க.