தாத்தா வண்டிக்குக் கிளட்ச் வழுக்குகிறது

தம்பி: மாமா, தாத்தா வண்டியில் ஒரு சிக்கல். மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகம் எடுக்க மாட்டேன் என்கிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டது, பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பெரிய மாமா: பொறு, இப்போதே பிரிக்க வேண்டாம். கிளட்ச் லீவரில் ப்ளே எவ்வளவு இருக்கிறது?

தம்பி: ப்ளே என்றால்?

பெரிய மாமா: லீவரை ஒரே விரலால் லேசாக இழு. கேபிள் இறுகும் வரை சும்மா அசையும் இல்லையா, அதுதான். பெரும்பாலான வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும்.

தம்பி: துளியும் இல்லை மாமா. தொட்டவுடனே இறுக்கம்.

பெரிய மாமா: அப்படியானால் முதலில் அதைச் சரிசெய். ப்ளே இல்லாவிட்டால், நீ லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டுகள் முழு அழுத்தத்தோடு ஒட்டாமல் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், நல்ல பிளேட்டும் கருகிவிடும். அதுவரை வண்டியை எடுக்காதே.

அக்கா: கேபிள் நாளாக நாளாக நீளத்தானே செய்யும்? ப்ளே கூடத்தானே வேண்டும்?

பெரிய மாமா: சரியான கேள்வி அம்மா. கேபிள் நீண்டால் ப்ளே கூடும், பிளேட் தேய்ந்தால் குறையும். யாரும் கை வைக்காமலே ப்ளே போயிருந்தால் பிளேட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் அட்ஜஸ்ட் செய்தே ஓட்டலாம்.

தம்பி: எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

பெரிய மாமா: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் இருக்கும் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிடு. அப்புறம் கீழே, கேபிள் இன்ஜினில் சேரும் இடத்தில் அட்ஜஸ்டர் நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி ப்ளே வை. மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மேலே சரிசெய்துகொள். லாக் நட்டை இறுக்க மறந்துவிடாதே. முடிந்ததும் முதல் கியர் போட்டு லீவரை முழுக்கப் பிடித்துப் பார். வண்டி தானாக முன்னே நகரப் பார்த்தால் ப்ளே அதிகமாகிவிட்டது.

தம்பி: படம் அனுப்பியிருக்கிறேன். லீவர் பக்கத்து முனையில், அந்த ஈயக் குண்டுக்கு அருகே, இரண்டு மூன்று கம்பி இழைகள் அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பெரிய மாமா: அந்தக் கேபிள் வேண்டாம், உடனே மாற்று. மிச்ச இழைகளும் அந்த இடத்தில்தான் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

சித்தப்பா: ஆயில் என்ன ஊற்றியிருக்கிறது? அதையும் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா.

பெரிய மாமா: ஆமாம், முக்கியம். இந்த வண்டியில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, இப்படி ஊறும் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறியீடு போட்டிருக்க வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது இன்ஜினுக்கு நல்லது, இந்தக் கிளட்சுக்கு ஆகாது.

தம்பி: டப்பாவில் எம்ஏ2 தான் இருக்கிறது. அளவு?

பெரிய மாமா: சில நிமிடம் ஓடவிட்டு அணை. சற்றுப் பொறுத்து, சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்திப் பார். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்.

அக்கா: முன் பிரேக் டப்பாவில் இருப்பது கரும்பழுப்பாகத் தெரிகிறதே?

பெரிய மாமா: நல்லவேளை கவனித்தாய். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடிக்கும்போது ஆவியாகி லீவர் பொசுக்கென்று உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மூடியில் போட்டிருக்கும் வகைதான் ஊற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

சித்தப்பா: பிரேக்கில் காற்று புகாமல் மாற்ற வேண்டும், முதல் தடவை தனியாகச் செய்யாதே தம்பி. நான் வருகிறேன்.

தம்பி: சரி சித்தப்பா. மாமா, புதுக் கேபிள் போட்டு ப்ளே வைத்த பிறகும் வழுக்கினால்?

பெரிய மாமா: அப்போது பிரிக்கலாம். பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து கையேட்டோடு ஒப்பிடச் சொல், கண்ணால் பார்த்து முடிவு செய்ய விடாதே. புதுப் பிளேட் போட்டால் முதலில் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். கேபிள் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ, நீளம் சரிபார்க்க வேண்டும்.