சட்டைப்பையிலிருந்து நழுவிய டார்ச்: தொலைத்தவர்கள் பகிர்ந்தவை

போடிநாயக்கனூர்க்காரர் எழுதியது:

கேரளத்துப் பூப்பாறைக்கு அருகே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன். வீடு போடியில் இருப்பதால், வாரம் ஒருமுறை போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறுவது வழக்கம். கடந்த ஐப்பசியில், காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாளொன்றில், என் சட்டைப்பை டார்ச் தோட்டத்துக்குள் தொலைந்துபோனது. அதை மீட்க மூன்று முறை தேடினேன். முதல் இரண்டு தேடலும் வீணாய்ப் போனதற்குக் காரணம் காடோ இருட்டோ அல்ல, என் ஞாபகம்தான் என்பதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அக்கா மகன் துபாயிலிருந்து வந்தபோது கொடுத்த டார்ச் அது. அலுமினிய உடல், கறுப்பு நிறம், கைக்குள் அடங்கும் அளவு, பக்கவாட்டில் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். உள்ளே 18650 என்று சொல்லப்படும் ஒற்றை பேட்டரி. குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதால் அந்தப் பெயர். அதன் வெளிச்சம் வெள்ளையாக இல்லாமல் சற்று மஞ்சள் கலந்திருக்கும். தோட்டத்து ஸ்டோரில் பச்சைக்காய் இரவு முழுக்க ஏறத்தாழ 50 டிகிரி சூட்டில் காயும். அப்போது பச்சை வெளிறிவிட்டால் விலை போய்விடும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோ தேறும் தொழிலில் அந்த நிறம்தான் காசு. மற்ற எல்இடி விளக்குகளில் தட்டிலுள்ள எல்லாக் காயும் எனக்கு ஒரே நிறமாகத் தெரிகின்றன. இந்த டார்ச்சில் மட்டும்தான் வெளிறிய காய் தனியாகத் தெரியும். அதனால்தான் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் சொல்லியும் மனம் ஒப்பவில்லை.

அன்று மாலை ஆறரை மணி இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டது. காய் நிறுத்து முடித்து, மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிவிட்டு, ஸ்டோருக்குக் குறுக்குவழியாக நடந்தேன். நடுவில் ஓர் ஓடை வரும். அங்கே குனிந்து கணுக்காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டேன். ஸ்டோருக்குப் போய்ச் சட்டைப்பையில் கைவிட்டபோது டார்ச் இல்லை. குனிந்த இடம் ஓடைதான், ஆகவே விழுந்த இடமும் ஓடைதான் என்று மனம் அந்தக் கணமே தீர்மானித்துவிட்டது. அதற்குமேல் யோசிக்கவே இல்லை.

உடனே செல்போன் வெளிச்சத்தோடு திரும்பிப் போய்க் கால்மணி நேரம் துழாவியிருப்பேன். கீழ்ப்பக்கம் தட்டைகள் முறியும் சத்தம் கேட்டதும் காவலாளி கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துக் கொண்டுபோன பிறகும் எங்கள் பக்கத்தில் யானை நடமாட்டம் நின்றபாடில்லை. ஒரு டார்ச்சுக்காக அந்த இருட்டில் நிற்பது முட்டாள்தனம் என்று அவர் சொன்னதில் தவறில்லை. மறுநாள் காலை நான்கு பேராகப் போனோம். ஓடையிலிருந்த சிறு பள்ளத்து நீரை வாளியால் இறைத்தோம், இரு கரையிலும் சருகைக் கிளறினோம். சருகைக் கிளறியது பெரும் பிழை என்று இப்போது சொல்வேன். மேலே கிடக்கும் பொருளும் அதனால் அடியில் போய்விடும். நல்லவேளையாக டார்ச் அங்கே இல்லை.

இரண்டு நாள் கழித்து, காய் நிறுக்கும் இடத்தில் நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்ட தேவாரம் ஊர்க்கார அக்கா ஒருவர், அன்று எனக்குப் பின்னால் நடந்துவந்தவர், சாதாரணமாகச் சொன்னார்: "அண்ணே, ஓடையில நீங்க அட்டையப் பிடுங்குனது செல்போன் வெளிச்சத்துலல்ல? கையில டார்ச்சு இருந்தா எதுக்கு செல்ல எடுக்கப் போறீங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஓடையில் நான் செல்போனைப் பற்களுக்கிடையே பிடித்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆக, ஓடைக்கு வருமுன்பே டார்ச் போய்விட்டிருக்கிறது. எதற்காகச் செல்போனை எடுத்தோம் என்று அப்போது கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. நோட்டைப் புரட்டினேன். கடைசி மூன்று பெயர்களுக்கு எடை எழுதியபோது டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதியிருக்கிறேன். அந்த வரிகள் மட்டும் வலப்பக்கம் சரிந்து கிடந்தன. நிறுத்த இடத்தில் டார்ச் இருந்தது, ஓடையில் இல்லை. இடையில் இருப்பது ஏறத்தாழ 150 அடி. அந்தத் தூரத்தில் நான் குனிந்திருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: வழிக்குக் குறுக்கே மார்பளவில் சாய்ந்து கிடந்த முருக்க மரம்.

காவலாளியையும் நெற்றி விளக்கையும் பட்டாசையும் துணைக்கு வைத்துக்கொண்டு, அன்று இரவு ஏழு மணிக்கே அங்கே போனோம். ஏன் பகலில் போகவில்லை என்றால், கறுப்பு டார்ச்சும் நனைந்த ஏலச் சருகும் பகலில் ஒரே நிறம். இரவில் அப்படியல்ல. டார்ச்சின் கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானின் குவியத்தில் எல்இடி இருக்கிறது. அதன்மேல் பூசிய பொருள் மஞ்சள் நிறம். வாய் நம் பக்கம் திரும்பியிருந்து, நம் வெளிச்சமும் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்பட்டுப் போனால், கிண்ணம் முழுவதும் மஞ்சளாகத் திரும்பி ஒளிரும். கையில் இடுப்பளவில் பிடித்த விளக்கைவிட நெற்றியில் கட்டிய விளக்கு இதற்குப் பொருத்தமானது. நானோ இன்னும் கீழே போய், சருகின்மேல் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, தரையை ஒட்டிப் பார்த்தேன்.

முதலில் தெரிந்தவை நூற்றுக்கணக்கான புள்ளிகள். பாதி பனித்துளிகள், பாதி தரையில் திரியும் சிலந்திகளின் கண்கள். பச்சையும் வெள்ளையுமாக மின்னின. ஒவ்வொன்றையும் டார்ச் என்றே நினைத்து ஏமாந்தேன். பிறகு படுத்த இடத்தை ஒரு முழம் ஒரு முழமாக மாற்றிக்கொண்டே வந்தபோது, முருக்க மரத்துக்கு அந்தப் பக்கம், ஓர் ஏலச்செடியின் சரங்களுக்கு அடியில், எட்டணாக் காசு அளவில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தது. அது மின்னவில்லை. முட்டையின் கருவைப் போல அசையாமல் இருந்தது. தலையை ஒரு சாண் நகர்த்தினால் மறைந்தது, திரும்ப வந்தால் தெரிந்தது. கிளிப்பில் மரத்துப் பாசி ஒட்டியிருந்தது. அழுத்தியவுடன் எரிந்தது.

புளியரைக்காரர் எழுதியது:

போடிக்காரர் மூன்று நாளில் மீட்டுவிட்டார். எனக்கு ஒரு போகமே கடந்தது.

என்னுடையது தாத்தாவின் எவரெடி டார்ச். இரண்டு பெரிய பேட்டரி, 3 வோல்ட், முன்னால் குமிழ் பல்பு. சட்டைப்பையில் அடங்காது, வேட்டி மடிப்பில் செருகிக்கொள்ள வேண்டும். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன், திருவிதாங்கூர் நாட்களிலேயே தாத்தா வயலுக்கு டார்ச்சோடு போவார் என்று பாட்டி சொல்வதுண்டு. அந்த டார்ச்சும் இதுதானா என்பது வேறு விஷயம். ஆடியில் கார் நெல்லுக்குத் தண்ணீர் திருப்ப இரவு முறை வந்தது. கணவாயிலிருந்து இறங்கும் காற்றும் சாரலுமாக இருந்த அந்த இரவில், மடையை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது மடிப்பு நெகிழ்ந்து டார்ச் சேற்றுக்குள் போய்விட்டது. பயிர் நிற்கும் வயலில் இறங்கித் தேட முடியாது, தேடவும் இல்லை. எந்த வரப்பின் எந்த மடை என்பதை மட்டும் ஒரு பனைமட்டையை நட்டுக் குறித்துவைத்தேன்.

அறுவடை முடிந்து, அடுத்த பருவமான பிசானத்துக்குச் சேற்றை உழுது தொழி அடித்தபோது டிராக்டர் ஓட்டிய தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். இரும்புச் சக்கரம் புரட்டிப் போட்ட சேற்றில், நான் மட்டையை நட்ட இடத்திலிருந்து நாலு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) தள்ளி அது கிடைத்தது. தண்ணீர் இழுத்துப் போயிருக்கிறது. பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளைப் பொடியாக உறைந்திருந்தது, மேல்பூச்சு பல இடங்களில் உரிந்திருந்தது. பாட்டி புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்க, குத்துவிளக்கைப் போலப் பித்தளை மஞ்சள் வெளியே வந்தது. சுருள்கம்பி மட்டும் இற்றுப்போயிருந்ததால், தென்காசியில் ஒரு பழைய ரேடியோ கடையில் வேறு போட்டுக்கொண்டேன். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வைக்கிறேன் என்பதைத் தவிர, வேறு மாற்றமில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியது:

பாலக்காட்டுப் பக்கத்தில் தென்னந்தோப்பு, தோப்புக்குள் கிணறு. மோட்டார் வால்வைப் பார்க்க எட்டிக் குனிந்தபோது என் டார்ச் கிணற்றுக்குள் விழுந்தது. போடிக்காரர் வைத்திருப்பதைப் போன்ற பேட்டரிதான். தண்ணீர் உள்ளே புகாத வகை என்பதால் அணையவில்லை. அடியில் கிடந்து விடியவிடிய எரிந்தது. கிணறு முழுவதும் பச்சை நிறமாகிவிட்டது. கெண்டைகள் வெளிச்சத்தைச் சுற்றி வந்ததை இரவில் மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தேன் என்பதை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இடம் தெரியாமல் தேடியவர்களுக்கு முன்னால் இது கூச்சமாக இருக்கிறது: எனக்கு இடம் கண்ணெதிரே தெரிந்தது, எட்டத்தான் முடியவில்லை.

காலையில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்று தம்பி கேலி செய்தான். ஆனால் உள்ளிருக்கும் பேட்டரியின் உறை இரும்பு என்பதால் அது மெல்ல ஒட்டவே செய்தது. பாதிக் கிணறு வரை ஏறிவிட்டு, படியில் இடித்து மீண்டும் விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. அதன்பிறகு பக்கத்து வீட்டில், கிணற்றில் விழுந்ததை எடுக்கும் கொக்கிக் கொத்தான பாதாளக் கரண்டி இருப்பது நினைவுக்கு வந்தது. அதை இரவல் கேட்டால் ஈடாக ஒரு பாத்திரம் கொடுத்துவிட்டுத்தான் வாங்கிவர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். நாங்கள் ஒரு செம்புச் சொம்பைக் கொடுத்தோம். டார்ச்சின் வாலில் நான் போட்டிருந்த நைலான் கயிறு, நாலாவது இழுப்பில் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது.

சொம்பைத் திரும்ப வாங்கப் போனபோது, அந்த வீட்டுப் பாட்டி டார்ச்சைக் கையில் வாங்கி, இரண்டு முறை அமுக்கிப் பார்த்து, திண்ணைச் சுவரில் வெளிச்சத்தை அடித்துவிட்டு, "இதுக்கா இத்தனை பாடு? நான் குடம் போச்சுன்னல்லவா நினைச்சேன்" என்றார்.