தீவில் ஒரு கிட்டங்கி

கோட்டையூர், கணக்கு டீச்சர்:

மாலத்தீவில் நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஊர் திரும்பினேன். பி.எட். முடித்த பெண்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். சம்பளம் என்ன, சோறு கிடைக்குமா, தனியாக இருக்கப் பயமில்லையா. இந்த மூன்றையும் தாண்டி யாரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது நாலாவதாக ஒன்று.

எங்கள் தாத்தா பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடத்தில், சமையலுக்கு இருந்தவர். கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கே படுக்க இடமும், பெட்டி வைக்க இடமும், பந்தியில் ஓர் இலையும் கிட்டங்கியில் இருக்குமாம். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும் வரைக்கும் சுற்றிலும் நம் பேச்சுதான். அப்பத்தா இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நான் கிளம்பும் முதல் நாள் ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "அங்க நம்ம கிட்டங்கி இருக்கா ஆத்தா?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்கு அப்பத்தா என்று சொல்லிவிட்டேன். முதல் மூன்று மாதமும் அந்தப் பொய் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கிளம்புவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஏஜென்ட் வேலை தயார் என்று எண்பதாயிரம் கேட்டார். அப்பா நகையை வைத்து ஐம்பதாயிரம் கொடுத்தார். ஏஜென்ட் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுப் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட நம்மிடம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இவர் பதிவே இல்லாதவர். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வெளிநாட்டு வேலைக்கென்றே தமிழக அரசின் நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் கேட்கலாம். எனக்கு வேலை கிடைத்தது நேரடியாக விண்ணப்பம் போட்டுத்தான். அந்த ஐம்பதாயிரம் போனது போனதுதான்.

மாலத்தீவுக்குச் சாமி சிலை கொண்டுபோகக் கூடாது. சுங்கத்தில் தடை செய்யப்பட்ட பொருள் அது. இதை அம்மாவிடம் சொன்னபோது அழுதார். கொப்புடையம்மன் படத்தையும் வேண்டாம் என்று எடுத்துப் பூஜை அறையில் திரும்ப வைத்துவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. குளித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் கோயில் பிராகாரம் முழுசாக நினைவுக்கு வரும். அந்த நாட்டின் சட்டம் அது. தெரிந்துதான் போனேன், அதனால் குறையாகச் சொல்லவில்லை. தெரியாமல் போனால் பெட்டியைத் திறக்கிற இடத்தில் நெஞ்சு பதறும் என்பதால் சொல்கிறேன்.

மாலே விமான நிலையமே தனியாக ஒரு தீவு. கதவைத் தாண்டினால் படகுத்துறை. மாலே நகருக்குப் போகும் பாலம் 2018-ல்தான் வந்தது. அங்கிருந்து வடக்கே ஹனிமாதுவுக்கு ஒரு சின்ன விமானம், பிறகு படகு. நான் போன தீவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க இருபது நிமிடம் போதும். தெருவெல்லாம் வெள்ளை மணல், சாயங்காலம் ஆனால் பெண்கள் அதைப் பெருக்கிவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு, குளித்தால் தலைமுடி கயிறாகிவிடும். குடிக்க மழைத் தண்ணீர். கூரையிலிருந்து குழாய் வைத்துத் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள். முதல் நாள் அந்தத் தொட்டியைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. வளவில் அண்டாவை வைத்து மழை பிடித்து, ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு மழையை நம்பி இருக்கும் ஊர் அந்நியம் இல்லை.

பகல் ஓடிவிடும். சாயங்காலம்தான் கஷ்டம். என்னோடு வந்த ஒரு டீச்சர் மூன்றே வாரத்தில் திரும்பிப் போய்விட்டார். நல்லவர், நன்றாகப் பாடம் எடுப்பவர். நாலரை மணிக்கு மேல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஊரோடு பேசிக்கொண்டே இருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் போன மறுநாள் அறையில் உட்கார முடியாமல் வெளியே வந்து வாசலில் நின்றேன்.

எதிர்வீட்டு வாசலில் இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய நாற்காலி வரிசை இருக்கும். ஜோலி என்பார்கள். அங்கிருந்த அம்மா கை காட்டிக் கூப்பிட்டார். ஹிந்தியில் ஏதோ கேட்டார். அங்கே வீட்டுக்கு வீடு ஹிந்திப் படம் ஓடுவதால், இந்தியாக்காரி என்றால் ஹிந்தி பேசுவாள் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் ஊஞ்சல்! பெரிய பலகை, நான்கு மூலையிலும் கட்டு. உந்தோலி என்றார். ஊஞ்சல் என்றேன். இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஆடினோம். பேச வார்த்தை இல்லை, ஆனால் சங்கடமும் இல்லை. சூரை மீனும் தேங்காயும் வைத்த உருண்டை ஒன்று கொடுத்தார், பேர் குல்ஹா. நம் பக்கத்துக் கடைகளில் மாசிக் கருவாடு விற்பார்களே, அந்த மாசியின் பிறப்பிடம் இந்தத் தீவுகள்தான். அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை நின்றது. அதற்குப் பெயர் கேட்டேன். "முரங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை குழிப்பணியாரம் சுட்டுக் கொண்டுபோனேன்.

வகுப்பையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. இங்கே பழகிய குரலில் சத்தம் போட்டேன். ஒரு பையன் எழுந்து, பயமே இல்லாமல், மிஸ் உங்களுக்கு யார் மேல் கோபம் என்று கேட்டான். துடுக்கு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அன்று மாலை எங்களுக்கு மேலே இருந்த லீடிங் டீச்சர் என்னை உட்காரவைத்து, இந்தத் தீவில் இவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம், நீங்கள் ஒருவரை அதட்டினால் வகுப்பு முழுக்க வாடிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். குரலைக் குறைக்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

அதே வகுப்பில் இன்னொரு பையன் எண்கோட்டில் எப்போதும் நேர் எண்களை இடப்பக்கம் போடுவான். தப்பு என்று சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பிறகு அவர்கள் மொழியான திவேஹி சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் கேட்டபோது அவர்களுடைய தானா எழுத்தைக் காட்டினார். வலமிருந்து இடம் எழுதுவது. அதோடு அவர் சொன்ன ஒன்று கணக்கு டீச்சரான எனக்குப் புதையல் மாதிரி. தானாவின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்தே பிறந்தவை, அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய எண்களிலிருந்து. எழுத்தே எண்ணாக இருந்த ஊரில் போய் நான் எண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! மறுநாள் பலகையில் அந்த ஒன்பது எழுத்தையும் எழுதி, பக்கத்திலேயே எண்ணையும் எழுதினேன். வகுப்பே எழுந்து நின்று கத்தியது. எண்கோட்டுப் பையனிடம், நீ எழுதுவது தானா எழுத்தின் திசை, எண் மட்டும் எதிர்த்திசையில் ஓடும் என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒரு தடவைகூட மாற்றிப் போடவில்லை. மூன்று மாதமாக நான் போட்ட சிவப்புக் கோடு அவனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

ரமலானில் பகலில் வெளியே சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது, டீக்கடையெல்லாம் மூடியிருக்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் மூன்று வீட்டிலிருந்து தட்டு வரும். அந்த மாதம் நான் சமைத்த நாள் குறைவு.

பண விஷயம். சம்பளம் ருஃபியாவில். வங்கிக் கணக்கில் ஒரு டாலர் 15.42 ருஃபியா, ஆனால் அந்த விலைக்கு வேண்டிய அளவு டாலர் கிடைக்காது. வெளியே விலை அதிகம். வங்கி வழியாக மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அது மாறிக்கொண்டே இருக்கும். ஊரில் கடன் வாங்கிவிட்டுப் போகிறவர்கள் சம்பளத்தைப் பார்க்காமல் இந்த வரம்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இதில் ஏமாந்து வட்டி கட்டியவர்களை எனக்கு நேரில் தெரியும்.

இரண்டாம் வருடம் மாலேயில் வேலை பார்த்த நம் பக்கத்து நர்ஸ் அக்கா ஒருவர் பழக்கமானார். ஒரு அறை, ஒரு ஜன்னல். தீவுகளிலிருந்து ஊருக்குப் போகிற, வருகிற தமிழ் டீச்சர்கள் எல்லாரும் ராத்திரி தங்குவது அங்கேதான். ஒருமுறை தரையில் ஏழு பேர் படுத்திருந்தோம். அக்கா ரசம் வைத்திருந்தார். பெட்டிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. அங்கிருந்தே அப்பத்தாவுக்குப் போன் போட்டு, கிட்டங்கி இருக்கு என்று சொன்னேன். ஏற்கெனவே சொன்னியே என்றார்.

தேவகோட்டை, இயற்பியல் ஆசிரியர்:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எத்தியோப்பியா ஞாபகம் வந்துவிட்டது. நான் அங்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் இருந்தேன். போன முதல் வாரம் தேர்வு மேற்பார்வை மூன்று மணிக்கு என்று அலுவலக உதவியாளர் சொன்னார். மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். பூட்டிக் கிடந்தது. அங்கே நாளைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. மூன்று மணி என்றால் காலை ஒன்பது. பிள்ளைகள் எனக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, இன்னொருவர் வந்து தேர்வை நடத்தியிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். யோசித்துப் பார்த்தால் நம் நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்துதானே. அப்படி நினைத்ததும் மனதில் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு வருடத்தில் பதின்மூன்று மாதம். கடைசி மாதத்தில் ஐந்தோ ஆறோ நாள்தான். புது வருடம் நம் செப்டம்பர் 11-ல், சில வருடம் 12-ல். தேதி எழுதும்போதெல்லாம் எந்த நாட்காட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாக ஒப்பந்தத்தில்.

இன்ஜெராவைப் பார்த்ததும் தோசை என்று நினைத்தேன். டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்துப் புளிக்கவைப்பது. முதல் வாரம் அந்தப் புளிப்பு இறங்கவில்லை, ஒரு மாதத்தில் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பச்சைக் காப்பிக்கொட்டையை நம் முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. மூன்றாவது குடிக்காமல் எழுந்துவிடக் கூடாது. நான் வேலை இருக்கிறது என்று இரண்டு தடவை எழுந்து போயிருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. மூன்றாவது கோப்பைதான் ஆசீர்வாதம் என்று பின்னால் ஒரு மாணவன் சொன்னான்.

புதுவயல்:

அக்கா, எனக்கு மாலத்தீவில் வேலை உத்தரவு வந்துவிட்டது. நீங்கள் இருந்த அதே பக்கம்தான், வேறு தீவு. அடுத்த மாதம் போக வேண்டும். அம்மாவுக்கு மனசே இல்லை. பெட்டியில் என்ன வைப்பது என்றுகூடப் புரியவில்லை. இட்லிப் பொடி, வத்தல், மாத்திரை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரியானால் போகவே வேண்டாமோ என்று இருக்கிறது.

கோட்டையூர், கணக்கு டீச்சர்:

ராத்திரியில் எனக்கும் அப்படித்தான் இருந்தது தங்கச்சி. சான்றிதழ் அசல்களைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு அவசியம். காய்கறி படகில் வரும் நாளில்தான் கிடைக்கும், அதனால் பருப்பும் புளியும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் அங்கேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். நர்ஸ் அக்கா இன்னும் மாலேயில்தான் இருக்கிறார், அம்மா முன்னாலேயே அவருக்குப் போன் போட்டுத் தருகிறேன். இறங்குகிற அன்று ராத்திரி நீங்கள் அங்கேதான் தங்குகிறீர்கள். அப்புறம், என்னுடைய பணியாரக் கல்லை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு வருடம் பழகிய கல், ஒட்டாது. கனமாக இருக்கும், பெட்டியில் முதலில் அதை வைத்துவிட்டு மற்றதை அடுக்குங்கள்.