ஒரே கருவியைப் பலர் வாசிப்பது: ‘நாற்கை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரே கருவியைப் பலர் சேர்ந்து வாசிப்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கூட்டிசை, ஓரியம், பகிரிசை என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன, அவற்றுக்கு என் பதில் இது.

ஒரு பியானோவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்கு ‘நாற்கை இசை’ என்று முதலில் எழுதியவன் நான்தான். இப்போது அதை நானே கைவிடச் சொல்கிறேன். என் மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “இது ஒரே பியானோவா, இரண்டு பியானோவா?” என்று கேட்டார். மோட்சார்ட் 1781இல் இரண்டு பியானோக்களுக்கு ஒரு சொனாட்டா எழுதினார். 1787இல் ஒரே பியானோவில் இருவர் வாசிக்க இன்னொன்று எழுதினார். இரண்டிலும் கைகள் நான்குதான். எது முக்கியமோ அதையே சொல் விட்டுவிடுகிறது.

எண்ணிக்கை கூடினால் வேறு தொல்லை. ரக்மானினோவ் 1890-91இல் மூவர் ஒரே பியானோவில் வாசிக்கச் சில சிறு படைப்புகள் எழுதியிருக்கிறார். ‘நாற்கை’ வழியிலேயே போனால் இது ‘அறுகை’. அறுகம்புல்லை நினைக்காமல் அதை யார் படிப்பார்கள்?

‘கூட்டிசை’ போதும் என்று எழுதியவருக்கு: கூட்டிசையில் அவரவர் கருவி அவரவரிடம் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. பியானோவில் நடுக்கட்டை ஒன்றை நான் அழுத்திப் பிடித்திருந்தால், அதே கட்டை அடுத்த நொடி என் கூட்டாளிக்குத் தேவைப்படும்போது அது கீழேயே கிடக்கும், ஒலிக்காது. என் சுரத்துக்கு இன்னும் நேரம் இருந்தாலும் கொஞ்சம் முன்னதாகவே விரலை எடுத்து வழிவிட வேண்டும். முழங்கைகள் இடிக்கும், யாருடைய மணிக்கட்டு மேலே, யாருடையது கீழே என்று முன்பே பேசிவைக்க வேண்டும். சுரத்தை நீள வைக்கும் மிதியை (பெடல்) பெரும்பாலும் கீழ்ச்சுரப் பக்கம் இருப்பவர்தான் மிதிப்பார். அதனால் மேலே வாசிப்பவரின் சுரம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதே இன்னொருவர் காலில் இருக்கிறது. ஒரே பியானோவில் இருவர் வாசிக்க ஷூபர்ட் 1828இல் எழுதிய எஃப் மைனர் ஃபேன்டசியா என்ற படைப்பை வாசித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். சேர்ந்து வாசிப்பதற்கும், இப்படி விட்டுக்கொடுத்து வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

‘ஓரியம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இயம் என்றால் இசைக்கருவி; சங்கப் பாடல்களில் பல்லியம் உண்டு, வாசிப்பவர் இயவர். பல்லியத்துக்கு எதிராக ஓரியம் என்பது அழகான இணை. ஆனால் பெண்ணியம், மார்க்சியம் என்று படித்துப் பழகிய இன்றைய கண்ணுக்கு ஓரியம் ஏதோ ஒரு கொள்கையின் பெயராகத்தான் தெரியும். மனமில்லாமல்தான் விடுகிறேன். ‘பகிரிசை’யும் அப்படித்தான். பகிர்தல் இன்று கைப்பேசிக்குப் போய்விட்டது. பாட்டுக் கோப்பை அனுப்புவது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: பங்கிசை. பங்கு + இசை.

ஒன்றாக இருப்பதைத்தான் பங்கு போட முடியும். ஆளுக்கொரு பியானோ இருந்தால் பங்கு என்ற பேச்சே எழாது. ஆகவே ‘ஒன்று’ என்று தனியாகச் சொல்லாமலே கருவி ஒன்று என்பது உள்ளே வந்துவிடுகிறது. ஆளுக்கு உரிய பகுதியையும் பங்கு என்றே சொல்லலாம்: பியானோவில் மேல்பங்கு, கீழ்ப்பங்கு. எண்ணிக்கை வேண்டுமானால் இருவர் பங்கிசை, மூவர் பங்கிசை. கையை எண்ணுவதைவிட ஆளை எண்ணுவதே நல்லது. 2012இல் ஒரே கிட்டாரை ஐவர் வாசித்த காணொளி இணையத்தில் பரவியதே, அதில் கைகளை எண்ணி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

பியானோவை மட்டும் மனத்தில் வைத்துச் சொல் ஆக்கக்கூடாது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சான்று உகாண்டாவின் அமடிண்டா என்ற தட்டுக்கருவி. பன்னிரண்டு மரக்கட்டைகள், மூன்று பேர். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் தட்டும் இடைவெளியில் மற்றவர் தட்டுகிறார். மூன்றாமவர், கீழ்க்கோடியிலுள்ள இரண்டு கட்டைகளின் சுரம் வரும்போதெல்லாம் அதையே மேல்கோடிக் கட்டைகளில் எடுத்து ஒலிக்கிறார். கேட்பவர் காதில் விழும் ஓட்டமான மெட்டு மூவரில் எவர் கையிலும் முழுதாக இல்லை! பங்கு என்ற சொல் இங்கே பியானோவைவிடப் பொருத்தமாக உட்கார்கிறது. பாலித் தீவின் ரெயோங்கும் இந்த வகைதான்: நடுவில் குமிழ் உள்ள உலோகத் தட்டுமணிகள் ஒரே வரிசையில், நான்கு பேர்.

ஆனால் இவை பலருக்கென்றே செய்த கருவிகள். லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்புக்கருவி ஒருவருக்கானது, ஆனால் இசையமைப்பாளர் டௌலண்ட் 1597இல் வெளியிட்ட நூலில் ஒரே லூட்டை இருவர் வாசிக்க ஒரு கல்லியார்டு (நடன இசை) வைத்தார். இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிச் சொல் வேண்டுமா என்று யோசித்தேன். இப்போதைக்கு வேண்டாம், ஒரே குடைக்குள் இருக்கட்டும்.

எதிர்ப்பு இரண்டு வரும். ‘பங்கம்’ என்று காதில் விழாதா? பங்கேற்பு, பங்களிப்பு என்று நாள்தோறும் சொல்கிறோம், யாருக்கும் பங்கம் நினைவுக்கு வருவதில்லை. மற்றது கொஞ்சம் கனமானது: எல்லாச் சேர்ந்திசையிலும்தானே இசையைப் பங்கிடுகிறார்கள்? சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘ஒருகருவிப் பங்கிசை’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் பங்கிசை என்று சுருக்கலாம்.

ஒரு சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. என் மொழிபெயர்ப்பில் மேலே சொன்ன ஃபேன்டசியாவைப் பற்றிய வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “ஷூபர்ட் பியானோ பங்கிசைக்கென்று எழுதியவற்றில் இதற்குத் தனி இடம் உண்டு, கீழ்ப்பங்கு தொடங்கிவைக்க, மேல்பங்கு அதன்மேல் மெட்டை எடுக்கிறது.” எந்த இடத்திலாவது இடறினால் எழுதுங்கள்.