நேரம் கடத்துறவங்களை அடக்க வாட்ச்சை நிறுத்தலாமா? எங்க ஊர் டோர்னமென்ட்டுக்கு யோசனை வேணும்

மணல்கிரவுண்ட் ரெஃப்ரி:

குமரி மாவட்டக் கடற்கரைக்காரன் நான். கடல் தொழில், கரையில இருக்கிற நாள்ல கழுத்துல விசில். பதினோரு வருஷமா ஊர் மேட்ச்சுகளுக்கு நிக்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் வந்தவங்களுக்கு எங்க ஆளுங்களோட ஃபுட்பால் கிறுக்கு தெரியும், அதை நீட்டிச் சொல்லல.

போன வருஷ செமி ஃபைனல். பாதிக்கு 35 நிமிஷம். ரெண்டாவது பாதியில 18வது நிமிஷம் ஒரு டீம் கோல் போட்டு 1-0. அதோட அவங்க ஆட்டம் முடிஞ்சுது, நாடகம் ஆரம்பிச்சுது. கோல் காக்கிற கோலி மூணு தடவை விழுந்தான், மூணு தடவையும் வேற வேற கால். பூட்ஸே போடாம ஆடுற ஒரு பையன், கணுக்கால்ல சுத்தியிருந்த துணியை அவுத்து அவுத்துக் கட்டினான். அவங்க பாக் (பின்னால நின்னு தடுக்கிறவன்) ஒருத்தன் பந்தைக் கடல் பக்கமா ஓங்கி ஒரே அடி. அலை உள்ள இழுத்துட்டுப் போச்சு. ஒரு பையன் நீந்திப் போய் எடுத்துட்டு வர்ற வரைக்கும் இருபத்தொரு பேரு இடுப்புல கையை வெச்சு நிக்கிறான், அடிச்சவன் மட்டும் சிரிக்கிறான். மாத்துப் பந்து எங்கேன்னு கேட்டா, காத்து இறங்கிக் கிடக்கு.

நான் 4 நிமிஷம் சேத்துக் கொடுத்தேன். தாராளம்னு நினைச்சுதான் கொடுத்தேன். ராத்திரி மச்சான் செல்லுல எடுத்த வீடியோவைப் போட்டு, பக்கத்துல ஸ்டாப் வாட்ச்சை வெச்சுப் பாத்தோம். கோல் விழுந்ததுல இருந்து கடைசி விசில் வரைக்கும் 21 நிமிஷம். பந்து உருண்டது எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. தோத்த ஊர்க்காரன் என்னைப் பாத்து "எவ்வளவு வாங்கினே?"ன்னு கேட்டதுக்குக் கோவப்பட்டேன். வீடியோவைப் பாத்தபிறகு கோவம் போயிருச்சு.

இந்த வருஷம் கமிட்டியில ஒரு யோசனை: பந்து வெளியே போனா வாட்ச்சை நிறுத்து, உள்ள வந்தா ஓட விடு, பாதிக்கு 25 நிமிஷம். வேற எங்கேயாவது செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

வியாசர்பாடி பத்தாம் நம்பர்:

பாக்கெட்ல மஞ்சள் கார்டு எதுக்கு தலைவா வெச்சிருக்கீங்க? முதல் தடவையே காட்டுங்க. ரெண்டாவது தடவை எவனும் விழ மாட்டான்.

மணல்கிரவுண்ட் ரெஃப்ரி:

காட்டினேன் தம்பி. கார்டை எடுத்தவுடனே கேப்டன் வந்து "ஏன்"னு கேப்பான், பின்னால நாலு பேரு வருவான், நான் நம்பரை எழுதணும், அந்தப் பையன் நடந்து போகணும். அதுலயே ஒரு நிமிஷம் ஓடிருச்சு. அவங்களுக்கு வேண்டியதும் அந்த நிமிஷம்தான்.

பழைய கோலி:

நான் விழுந்து பழகினவன், அதனால உள்குத்தைச் சொல்றேன்.

பதினெட்டு வருஷம் கோல் காத்தேன். 1992க்கு முன்னால நாங்க விழவே வேண்டாம். பாக் எனக்கு உருட்டி விடுவான், நான் கையில எடுப்பேன், ரெண்டு தட்டு தட்டி அவனுக்கே உருட்டி விடுவேன், அவன் திரும்ப எனக்கு. அந்த வருஷம் பாக் பாஸைக் கையால எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துது. அதுக்கப்புறம்தான் விழக் கத்துக்கிட்டோம்.

ஏன் எப்பவும் கோலியே விழறான்? மத்தவனுக்கு மைதானத்துக்குள்ள வைத்தியம் பாத்தா, அவன் வெளியே போயிட்டுத்தான் திரும்ப வரணும். கொஞ்ச நேரம் பத்துப் பேரோட ஆடணும், அது நஷ்டம். கோலி வெளியே போக வேண்டாம். அதனால கோச் கண்ணைக் காட்டுவார், நான் தொடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவேன்.

ஆனா மக்கா, நான் விழுந்தது பாதி நேரம் வாட்ச்சுக்காக இல்ல. எதிர் டீம் அலை அலையா வந்து அடிச்சிட்டு இருப்பான், நம்ம பாக்கெல்லாம் நாக்கு தள்ளி நிப்பான். ரெண்டு நிமிஷம் நான் படுத்தா அவங்க வேகம் ஆறிப் போகும். எல்லாரும் தண்ணி குடிப்பான், கோச் கிட்ட ஓடிப் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வருவான். வாட்ச் நின்னா என்ன, ஓடினா என்ன? எனக்கு வேண்டியது கிடைச்சிரும். சொல்லப் போனா, வாட்ச் நின்னுட்டா இன்னும் நிம்மதியாப் படுப்பேன், நேரம் திருடறேன்னு எவனும் திட்ட மாட்டான் பாரு.

சட்டம் படிப்பவன்:

இதே யோசனை பெரிய இடத்துலயும் வந்திருக்கு. ஃபுட்பால் சட்டம் எழுதுற ஐஎஃப்ஏபி 2017ல ஒரு அறிக்கை விட்டுச்சு. பாதிக்கு 30 நிமிஷம், பந்து வெளியே இருக்கும்போதெல்லாம் வாட்ச்சை நிறுத்தறதுன்னு அதுல ஒரு யோசனை. பெரிய லீக் மேட்ச்லயே பந்து உருளுற நேரம் பெரும்பாலும் 55ல இருந்து 60 நிமிஷத்துக்குள்ளதான், அதனால 60. பேசினாங்க, சட்டமாகல.

அதுக்குப் பதிலா 2022 கத்தார் உலகக் கோப்பையில இழந்த நேரத்தைக் கறாரா எண்ணினாங்க. இங்கிலாந்து - ஈரான் மேட்ச் ஞாபகம் இருக்கா? ஈரான் கோலி பெய்ரான்வந்த் சொந்த டீம்காரன் மேலயே மோதி விழுந்தார். முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிஷம் கூடுதல்னு போர்டு தூக்கினாங்க. ஈரான்காரர் தரேமியோட பெனால்டி கோல் 90+13ல. ஸ்கோர் 6-2. அந்தப் பெனால்டியால எதுவும் மாறல, ஆனா நேரத்தை எண்ண முடியும்னு தெரிஞ்சுது. கணக்கு எளிசுதான்: ஒரு பாதியில மூணு கோல் விழுந்தா, கொண்டாட்டத்துக்கே நாலஞ்சு நிமிஷம் போயிரும். ரெஃப்ரிமாருங்க பல வருஷமா அதைக் கண்டுக்காம ரெண்டோ மூணோ போட்டுட்டு இருந்தாங்க.

பழைய கோலி அண்ணனுக்கு ஒரு செய்தி: 2025ல இருந்து கோலி பந்தைக் கையில 8 செகண்டுக்கு மேல வெச்சிருந்தா எதிர் டீமுக்குக் கார்னர். கடைசி 5 செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால எண்ணிக் காட்டணும். முன்னால 6 செகண்ட், தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரா கோல் அடிச்சா செல்லாது, இன்னொருத்தன் தொடணும். பெனால்டி ஏரியாவுக்குள்ள அதைக் கொடுத்தா வர்ற ரகளைக்குப் பயந்து பெரும்பாலும் கொடுக்காமலே விட்டாங்க. தண்டனையைச் சின்னதாக்கினதும் விசில் ஊதறாங்க.

வாட்ச்சை நிறுத்தறது எல்லா நோய்க்கும் மருந்து இல்லைங்கறதுக்கு 1982 உலகக் கோப்பை போதும். ஸ்பெயின்ல கிகோன் ஊர்ல மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். பத்தாவது நிமிஷம் ஜெர்மனிக்காரர் ரூபேஷ் கோல் போட்டார், 1-0. அந்த ஸ்கோர்ல ரெண்டு டீமும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியே. மிச்ச நேரம் முழுக்கத் தங்களுக்குள்ளயே பந்தைத் தட்டிக்கிட்டு இருந்தாங்க. பந்து உருண்டுக்கிட்டேதான் இருந்துது. எந்த வாட்ச்சை நிறுத்துவீங்க?

கோவில்பட்டிக்காரன்:

நான் ஹாக்கி. எங்க ஆட்டம் 15 நிமிஷம் நாலு குவார்ட்டர். பெனால்டி கார்னர் கொடுத்தா 40 செகண்ட் வாட்ச் நிக்கும். அம்பயர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி மணிக்கட்டைக் குறுக்கே வெச்சுக் காட்டினா, டேபிள்ல இருக்கிறவர் நிறுத்துவார். நல்லாத்தான் நடக்குது.

ஆனா ரெண்டு வித்தியாசம். ஒண்ணு, வாட்ச் எங்க அம்பயர் கையில இல்ல, டேபிள்ல. ஓடிக்கிட்டே விசிலும் ஊதி, பட்டனையும் அமுக்கினா நீங்க ரெண்டையும் கோட்டை விடுவீங்க. இன்னொண்ணு, எங்க பசங்க எத்தனை தடவை வேணும்னாலும் வெளியே போய் உக்காந்து மூச்சு வாங்கிட்டு உள்ள வரலாம். அதனால யாரும் ஓய்வுக்காக விழறதில்ல. உங்க ஆளு மாத்துனா மாத்துனதுதான், திரும்ப வர முடியாது. அவன் எங்க போய் மூச்சு வாங்குவான்? தரையிலதான்.

மணல்கிரவுண்ட் ரெஃப்ரி:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை எங்க ஊர் ரெண்டு டீமை வெச்சு ஒரு பழக்க மேட்ச் ஆடிப் பாத்துட்டேன். பாதிக்கு 25, பந்து வெளியே போனா வாட்ச் நிக்கும். வாட்ச் மச்சான் கையில.

நாலரைக்கு ஆரம்பிச்சோம். கடலுக்கு ஒரு தடவைகூடப் பந்து போகல, அது ஒரு ஆச்சரியம். கோலி யாரும் விழல. ஆனா த்ரோ போடப் போறவன் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நடக்கிறான். ஜெயிக்கிறவனும் நடக்கிறான், தோக்கிறவனும் நடக்கிறான். "ஓடுலே"ன்னா, "வாட்ச் நிக்குதுல்லா அண்ணே, எதுக்கு ஓடணும்?"ங்கிறான். பதில் சொல்ல எனக்கு வாய் வரல. கோலி அண்ணன் சொன்னது சரி.

இடைவேளை பத்து நிமிஷத்தையும் சேத்து மேட்ச் முடியும்போது மணி 6.20. பாதி வெளிச்சம் போயிருச்சு. டோர்னமென்ட்ல ஒரு நாளைக்கு ரெண்டு மேட்ச். ஃபைனலுக்கு மட்டும்தான் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கிறோம். வாட்ச் ஓடிக்கிட்டே இருந்தா, எத்தனை மணிக்கு முடியும்னு மீன் ஏலத்துக்குப் போறவனுக்குக்கூடத் தெரியும். நிறுத்தி நிறுத்தி ஆடினா யாருக்கும் தெரியாது.

அதனால கமிட்டியில இப்படிச் சொல்லப் போறேன். பழையபடி 35. வாட்ச் ஓடட்டும். ரெண்டாவது பாதியோட கடைசி பத்து நிமிஷம் மட்டும் மூணு விஷயத்துக்கு நிக்கும்: கோலிக்கு அடிபட்டா, ஆள் மாத்தினா, பந்து கடலுக்குப் போனா. கடலுக்கு அடிச்சவனுக்கு மஞ்சள். காத்தடிச்ச மாத்துப் பந்து ரெண்டு என் காலடியில இருக்கும். த்ரோவுக்கு நடக்கிறவனுக்கு வாட்ச் நிக்காது, நான் வாயால அஞ்சு எண்ணுவேன், மிஞ்சினா த்ரோ எதிர் டீமுக்கு. இது உலகச் சட்டத்துல இருக்கா இல்லையான்னு சட்டம் தம்பி கேக்காதீங்க, இது எங்க ஊர் மணல்.

இப்ப ஒரே சிக்கல், டேபிள்ல வாட்ச்சோட யாரை உக்கார வைக்கிறது. மச்சான் ஆகாது, எங்க ஊர் டீமும் ஆடுது. ரெண்டு ஊர்க்காரனும் நம்புற ஆளுன்னா சர்ச் பங்குச்சாமிதான். கேட்டுப் பாத்தேன். அவர் சரின்னுட்டார். டீம்காரங்கதான் யோசிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தை அவர் எந்த நேரத்துக்கு முடிப்பார்னு எல்லாருக்கும் தெரியும்.